பதினாறு மடிக்கணினிகளும் மதுஷாவின் கொப்பியும்

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பதுளையில் தங்கராஜாவின் கணினிக் கடையில், பின்பக்க மேசையில் ஒரு பழைய அச்சுப்பொறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சுதர்சினி. விரலெல்லாம் கறுப்பு மை. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. தெரியாத எண். இரண்டு விரலால் பட்டும் படாமல் எடுத்துக் காதில் வைத்தாள்.

மறுமுனையில் ஒரு பெண்பிள்ளையின் குரல். மெதுவான குரல். பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று பேசுகிற மாதிரி இருந்தது.

"கம்பியூட்டர் கடை மிஸ்ஸுங்களா?"

ஆமாம் என்றாள் சுதர்சினி.

"ஸ்கூல் கம்பியூட்டர நான் கெடுத்துட்டேன் மிஸ். பதினாறையும். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பொலிஸுக்குச் சொல்லிடாதீங்க."

சுதர்சினிக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பாடசாலை என்று கேட்டாள். பூனாகலைப் பக்கம் என்று பதில் வந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருக்கும் மலையகத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து அங்கே ஒரு தோட்டப் பாடசாலைக்குப் பதினெட்டு மடிக்கணினிகள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். தங்கராஜா கடை வழியாகத்தான் அவை போயின. பெட்டி பிரித்து, உள்ளே எல்லாம் ஒழுங்கு செய்து, வேனில் ஏற்றி அனுப்பியவள் அவளேதான்.

அந்த வேலையை அவள் ஆசை ஆசையாகச் செய்திருந்தாள். தொழிற்சாலையிலிருந்து வருகிற இயந்திரத்தில் விண்டோஸ் ஏற்கெனவே இருக்கும். முதன்முதலாகத் திறக்கிறவரிடம் அது ஊர், பேர், மொழி என்று கேள்வி கேட்கத் தொடங்கும். அந்தக் கேள்விக்கு முன்னாலேயே கடைக்காரர் உள்ளே போய்த் தன் வேலையை முடித்துக்கொள்ள ஒரு பின்வாசல் உண்டு. மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் போதும். அந்த வழியாகப் போய் வேண்டாத விளம்பரச் செயலிகளை நீக்கி, தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, இயந்திரத்தைப் பற்றிய விவரம் வருகிற பக்கத்தில் பாடசாலையின் பெயரைப் போட்டாள். அதன் கீழே 'உதவிக்கு: சுதர்சினி' என்று எழுதித் தன்னுடைய கைபேசி எண்ணையும் போட்டுவைத்தாள். வழக்கமாக அந்த இடத்தில் கடையின் எண்தான் வரும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடை எண்ணை அழைத்து முதலாளியிடம் பேசப் பயமாக இருக்கும் என்று நினைத்துத் தன் எண்ணைப் போட்டிருந்தாள். அவளும் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான்.

இன்னொன்றும் செய்தாள். வந்த விண்டோஸ் 'ஹோம்' என்கிற, ஒரே மொழிக்கென்று விற்கப்படுகிற வகை. ஆங்கிலத்தில் வந்தால் ஆங்கிலத்திலேயேதான் கிடக்கும். திரையில் எல்லாச் சொல்லும் தமிழில் வந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாள். கடையில் கம்பனிகளுக்குப் போடுகிற 'ப்ரோ' வகை ஒன்று பென்டிரைவில் இருந்தது. அதற்குத் தமிழ் முகம் போடலாம். ஓர் இயந்திரத்தில் அதைத் தயார்செய்து, அப்படியே மற்றவற்றுக்கும் நகல் இறக்கினாள். பதினாறு ஆயிற்று. கடைசி இரண்டும் பென்டிரைவை ஏற்க அடம் பிடித்தன. வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. சரி, இரண்டு இங்கிலீஷில் இருக்கட்டும் என்று விசைப்பலகையையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் சேர்த்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

இதெல்லாம் மனதில் ஓட, என்ன ஆயிற்று, திரையில் என்ன வருகிறது என்று அந்தப் பிள்ளையிடம் நிதானமாகக் கேட்டாள்.

"எழுதி வச்சிருக்கேன் மிஸ். வாசிக்கவா?"

வாசித்தாள். ஓர மூலையில் சாம்பல் நிறத்தில் விண்டோஸைச் செயற்படுத்தச் சொல்லி இரண்டு வரி. எந்த ஜன்னலைத் திறந்தாலும் மறையாதாம். அமைப்புகளுக்குள் போனால் சிவப்பில் ஒரு வாக்கியம், அதன் முடிவில் ஓர் இலக்கம். சுழியம், எக்ஸ், எட்டு, சுழியம், மூன்று, எஃப், ஏழு, சுழியம், சுழியம், ஒன்று. ஓர் எழுத்தும் தப்பாமல் சொன்னாள். பெரிய கம்பனிக்காரர்கள் கூட 'என்னமோ எரர் வருது' என்று மட்டும்தான் சொல்வார்கள். இந்தப் பிள்ளை சொன்ன இலக்கம் சுதர்சினிக்குத் தெரிந்த இலக்கம். இந்த இயந்திரத்துக்குரிய உரிமச் சாவி கிடைக்கவில்லை என்பது அதன் அர்த்தம்.

"எல்லாத்துலயும் இப்படித்தான் வருதா?"

"ரெண்டுல மட்டும் இல்ல மிஸ். இங்கிலீஷ்ல இருக்கே, அந்த ரெண்டு."

சுதர்சினி அச்சுப்பொறியைத் தள்ளிவைத்தாள். அந்த இரண்டும்தான் அவள் விண்டோஸ் வகையை மாற்றாமல் விட்டவை.

நீ எப்படிக் கெடுத்ததாக நினைக்கிறாய் என்று கேட்டாள். போன வெள்ளிக்கிழமை கணினி படிப்பிக்கிற சேர் தன்னுடைய போனிலிருந்து முதல்முறையாக இணையம் கொடுத்தாராம். அன்றைக்குத் தான் ஏழாம் இலக்க மெஷினில் ஒரு நீர்வீழ்ச்சிப் படத்தைப் பின்னணியாகப் போட்டாளாம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பதினாறிலும் அந்தச் சாம்பல் எழுத்து. பயந்துபோய்ப் படத்தை மாற்றப் போனால் மெஷின் விடவில்லை. வகுப்பில் எல்லாரும் நீதான், நீதான் என்றார்களாம். செவ்வாயிலிருந்து பாடசாலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அம்மா போனை வீட்டில் வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருக்கிறார், அதனால்தான் அழைத்தாளாம்.

உன் பெயர் என்ன என்று சுதர்சினி கேட்டதும் தொடர்பு அறுந்தது. பயத்தில் வைத்தாளோ, சார்ஜ் தீர்ந்ததோ தெரியவில்லை. திரும்ப அழைத்தாள். போகவில்லை.

அந்தப் பாடசாலையின் தகவல் தொழினுட்ப ஆசிரியர் கஜேந்திரனை அழைத்தாள். அமைதியான மனிதர். அந்தச் சாம்பல் எழுத்தை அவரும் பார்த்திருக்கிறார். வேலை செய்கிறதே, பெரிய விசயமாக இருக்காது, சும்மா வந்த பொருளைப் பற்றிக் குறை சொன்னால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டாராம். ஏழாம் இலக்கத்தில் உட்காருகிற பிள்ளை யார் என்று சுதர்சினி கேட்டாள். மதுஷா, பத்தாம் தரம், கெட்டிக்காரி, மூன்று நாளாக வரவில்லை, காய்ச்சல் என்று நினைத்தேன் என்றார். காய்ச்சல் இல்லை சேர் என்று சுதர்சினி நடந்ததைச் சொன்னாள்.

"என் கிளாஸ்லயே நடந்திருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சே மிஸ்" என்றார் அவர்.

சுதர்சினி போனை வைத்துவிட்டு நடந்ததை ஒழுங்குபடுத்திப் பார்த்தாள். இப்போது வருகிற இயந்திரங்களில் உரிமச் சாவியை ஒட்டுத்தாளில் ஒட்டி அனுப்புவதில்லை. தொழிற்சாலையிலேயே தாய்ப்பலகைக்குள் எழுதிவிடுகிறார்கள். எந்த வகை விண்டோஸோடு வந்ததோ அந்த வகைக்கு மட்டும்தான் அது பொருந்தும். அவள் வகையை மாற்றிவிட்டாள். கடையில் வேலை செய்தபோது, இணையம் கொடுத்தால் புதுப்பிப்பு இறங்கி நேரம் இழுக்கும் என்று வேண்டுமென்றே கொடுக்காமல் செய்தாள். அதனால் ஒன்றும் தெரியவில்லை. பாடசாலையில் இணையம் வந்ததும் தானாகச் செயற்பட்டுவிடும் என்று நம்பினாள். இணையம் வந்தது. ஒவ்வோர் இயந்திரமும் தன் சாவியைத் தேடிப் பார்த்துக் கையை விரித்துவிட்டது. நல்லது செய்கிற அவசரத்தில் ஒரு நிமிடம் சரிபார்க்காமல் விட்டதற்கு, எங்கோ ஒரு பிள்ளை மூன்று நாளாக வயிற்றுவலி என்று படுத்துக் கிடக்கிறாள்.

முதலாளியின் மகன் திலீபன் பக்கத்து மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்கெல்லாம் ஒரு சின்னச் செயலி இருக்கிறது, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் கஜேந்திரன் சேரே ஓட்டிவிடுவார், ஒன்றுக்கு இரண்டு நிமிடம், அந்த எழுத்து போய்விடும் என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேர் செய்கிறதைத்தான் சொன்னான். அந்தச் செயலிகளோடு கூடவே என்னென்ன உள்ளே வரும் என்று சுதர்சினி பார்த்திருக்கிறாள். தவிர, ஒவ்வோர் இயந்திரத்துக்குள்ளும் அதற்கே சொந்தமான உண்மையான சாவி இருக்கும்போது பிள்ளைகளின் கணினிக்குக் கள்ளச் சாவி எதற்கு? வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

தங்கராஜா உள்ளறையிலிருந்து வந்தார். பலசரக்குக் கடையாக இருந்ததைக் கணினிக் கடையாக மாற்றியவர் அவர். இயந்திரத்தின் உள்விவகாரம் தெரியாது. வாடிக்கையாளர் விவகாரம் தெரியும். சுதர்சினி எழுந்து நின்று, பிழை தன்னுடையது என்று எதையும் மறைக்காமல் முழுவதையும் சொன்னாள். ஒன்பது வருடத்தில் இவ்வளவு பெரிய பிழையை அவரிடம் அவள் கொண்டுபோனதில்லை. திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள்.

அவர் கேட்டதெல்லாம், எத்தனை நாள் வேண்டும் என்பதுதான்.

"நாளைக்கு ஒரு நாள் போதும் முதலாளி."

"போயிட்டு வா. பழிய நம்ம கடை ஏத்துக்கட்டும். அந்தப் புள்ள தலையில விழக் கூடாது."

பழையபடி அந்த ஒரே மொழி வகையைச் சுத்தமாகத் திரும்பப் போட வேண்டும். நகல் இறக்கியபோது தொழிற்சாலை கொடுத்த மீட்புப் பகுதியும் அழிந்துபோயிருந்தது. இணையத்திலிருந்துதான் அதை இறக்க வேண்டும், கடையில் அன்றைக்கு இணைய வேகம் ஆமையாக இருந்தது. யாரிடம் கேட்கலாம் என்று யோசித்தபோது ஸில்மியாவின் நினைவு வந்தது. பண்டாரவளையில் வேறொரு கடையில் வேலை செய்கிறவள். வாடிக்கையாளர் விசயத்தில் இரண்டு கடைக்கும் போட்டிதான். ஒரு பயிற்சி வகுப்பில் இருவரும் ஒரே மேசையில் இருந்த பழக்கம், அவ்வளவுதான். தயங்கித்தான் அழைத்தாள். பாதி சொல்லும்போதே ஸில்மியா இடைமறித்தாள்.

"ப்ரோ போட்டுட்டீங்களா? ஹோமுக்கு மேலயா?"

ஆமாம் என்றாள் சுதர்சினி.

"காலைல நேரத்தோட வாங்க. நாலு பென்டிரைவுல போட்டு எடுத்து வெக்கிறேன். ஒண்ணை வச்சிக்கிட்டுப் பதினாறு செஞ்சா பொழுது போயிரும்."

மறுநாள் காலை ஏழரைக்குப் பண்டாரவளை பஸ் நிலையத்தில் ஸில்மியா நின்றிருந்தாள். கடை திறப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. இதற்காகவே வந்திருக்கிறாள். நான்கு பென்டிரைவுகளையும் ஒரு சிறு துணிப்பையில் போட்டு, ஒவ்வொன்றிலும் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி இலக்கமிட்டிருந்தாள். நீங்கள் சொன்ன மெஷினுக்குரிய வை-ஃபை இயக்கிகளையும் ஒரு கோப்புறையில் போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் மெஷினுக்கு இணையம் பிடிக்காது என்று சொன்னாள். அது சுதர்சினிக்குத் தோன்றாத விசயம். நன்றி சொல்ல வாயெடுத்தாள். பூனாகலை பஸ் புறப்படப் போகிறது, ஓடுங்க என்று ஸில்மியா விரட்டிவிட்டாள்.

பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. மழை விட்டு வெயில் வந்திருந்தது. சந்தியில் கஜேந்திரன் காத்திருந்தார். பாடசாலைக்குப் போகலாமா என்றார். முதலில் மதுஷா வீட்டுக்குப் போவோம், கணினிகள் எங்கேயும் ஓடிவிடாது என்றாள் சுதர்சினி. அவர் அதைத்தான் எதிர்பார்த்தவர் போல உடனே நடக்கத் தொடங்கினார்.

வழியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கஜேந்திரன் குரல் கொடுத்தார். மேல் வரிசையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். மதுஷாவின் அம்மா ரெங்கம்மா. நாற்பது வயதிருக்கும். ஆசிரியரையும், கூடவே பையை மாட்டிக்கொண்டு நிற்கிற டவுன் பெண்ணையும் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. நேற்று மாலையே மகள் அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். இன்றைக்குக் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்ததிலிருந்து, யாரைப் போய்ப் பார்ப்பது, எப்படிப் பேசுவது என்றே நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

"சின்னப் புள்ளைங்க மிஸ். தெரியாமச் செஞ்சிருச்சு" என்று கைகூப்பப் போனாள்.

சுதர்சினி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். இலைக்கறை படிந்து காய்த்துப்போன கைகள். அவ ஒண்ணுமே செய்யலங்க, வீட்டுக்கு வாங்க, அவ முன்னாலயே சொல்றேன் என்றாள். கங்காணியிடம் கஜேந்திரன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். மூன்று பேரும் லயத்துக்கு இறங்கினார்கள்.

மதுஷா கதவுக்குப் பின்னால் நின்றாள். மெலிந்த பிள்ளை, இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. கையில் ஒரு கொப்பி. ரெங்கம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுதர்சினி அதில் உட்காராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். பிள்ளைக்குப் பயம் தெளியட்டும் என்றுதான்.

"மதுஷா, கெடுத்தது நான். நீ இல்ல."

பிள்ளை நம்பாமல் பார்த்தாள்.

"மெஷின் செய்யிற இடத்துலயே ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சாவி வச்சுத்தான் அனுப்புறாங்க. நான் தமிழ்ல வரணும்னு ஆசப்பட்டு, பூட்டையே மாத்திப்புட்டேன். சாவி உள்ள பத்திரமா இருக்கு. பூட்டுத்தான் வேற. நீ படம் போட்டாலும் போடாட்டியும் திங்கக்கிழம அந்த எழுத்து வந்துதான் இருக்கும்."

மதுஷா யோசித்தாள். பிறகு கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்தாள்.

"அப்ப அந்த ரெண்டுலயும் பூட்ட மாத்தல. அதனாலதான் அதுல வரல."

"அதேதான்" என்றாள் சுதர்சினி. மூன்று நாள் பயத்துக்கு நடுவிலும் இந்தப் பிள்ளை எதையும் கவனிக்காமல் விடவில்லை.

ரெங்கம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இந்த லயத்துக்கு நெறையப் பேரு வந்திருக்காங்க மிஸ். கணக்கெடுக்க வந்திருக்காங்க, ஓட்டுக் கேட்டு வந்திருக்காங்க. பிழை எம்மேலன்னு சொல்றதுக்கு ஒருத்தரும் வந்ததில்ல."

உங்க மக போன் பண்ணியிருக்காட்டி நானும் வந்திருக்க மாட்டேனே என்றாள் சுதர்சினி. அது உண்மை. அந்தச் சாம்பல் எழுத்து இன்னும் எத்தனை மாதத்துக்கு அந்தத் திரைகளில் கிடந்திருக்குமோ, இந்தப் பிள்ளை எத்தனை மாதம் வீட்டில் கிடந்திருப்பாளோ. ரெங்கம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார்கள். மதுஷா உள்ளே போய் வெள்ளைச் சீருடை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கணினி அறை பாடசாலையின் கடைசிக் கட்டடத்தில் இருந்தது. பத்தாம் தரத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே கூடியிருந்தார்கள். மதுஷா உள்ளே வந்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சுதர்சினி பையைக்கூட இறக்காமல் பேசினாள். என் பெயர் சுதர்சினி, இந்தக் கணினிகளுக்குள் பிழையானதைப் போட்டவள் நான், மதுஷாவின் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவள் எழுதிவைத்துச் சொன்னதால்தான் பிழை எங்கே என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன் என்று சொன்னாள். முணுமுணுப்பு அடங்கியது. முன்வரிசையில் ஒரு பெண் நகர்ந்து மதுஷாவுக்கு இடம் விட்டாள்.

பிறகு வேலை தொடங்கியது. பிள்ளைகள் செய்து வைத்திருந்த பாடங்களை முதலில் தனியாகப் பிரதி எடுத்தார்கள். நான்கு பென்டிரைவும் நான்கு இயந்திரங்களுக்குள் போயின. பழையது அழிந்து சரியான வகை இறங்கியது. எந்த வகை வேண்டும் என்று விண்டோஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இயந்திரத்துக்குள் இருந்த சாவியைத் தானே படித்து அதற்குரியதைத் தானே எடுத்துக்கொண்டது. வேலை நடக்க நடக்க சுதர்சினி பிள்ளைகளுக்கு ஒவ்வொரு படியையும் காட்டினாள். முதல் கேள்வி வருமுன் பின்வாசலால் உள்ளே போகிற அந்த மூன்று பொத்தான் வித்தையையும் காட்டினாள். பெரிய இரகசியம் தெரிந்துவிட்டது போல அவர்களுக்கு ஒரே சந்தோசம்.

முதல் நான்கும் தயாரானபோது திரையைப் பார்த்து ஒரு பையன் கேட்டான், "தமிழ் போயிருச்சா மிஸ்?"

போய்விட்டது. சுதர்சினி அதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. இந்த வகையில் திரையின் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், தமிழில் தட்டச்சு செய்யலாம், எழுதலாம், படிக்கலாம், மெனுக்கள் மட்டும் மாறாது. பிள்ளைகளின் முகம் வாடியது. அவளுக்கும் அதுதான் வலித்தது. இத்தனையும் செய்தது அந்தத் தமிழுக்காகத்தானே.

அப்போது மதுஷா எழுந்து வந்து கொப்பியின் கடைசிப் பக்கங்களைத் திறந்து அவளிடம் நீட்டினாள். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். திற, சேமி, வெட்டு, ஒட்டு, அமைப்புகள், மீள்சுழற்சித் தொட்டி என்று ஐந்து பக்கம். யாரும் உட்கார விரும்பாத அந்த இரண்டு ஆங்கில இயந்திரங்களில் ஒன்றைத் தன் ஏழாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தை இரண்டிலும் திறந்து, எந்தச் சொல்லுக்கு எது என்று எழுதியிருக்கிறாள். யார் சொல்லிச் செய்தாய் என்று கஜேந்திரன் கேட்டார்.

"யாரும் சொல்லல சேர். ரெண்டும் இருந்திச்சு. எழுதினேன்."

கஜேந்திரன் அந்தப் பக்கங்களை அதிபர் அறைக்கு எடுத்துப்போய்ப் பதினெட்டுப் பிரதி எடுத்து வந்தார். ஒவ்வோர் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் ஒன்றை வைத்தார்கள். அச்சடித்த மாதிரி அழகான எழுத்தில்லை, சிறுபிள்ளை எழுத்துத்தான். ஆனாலும் தெளிவாக இருந்தது. பரீட்சை வினாத்தாளில் தமிழிலும் கேட்பான், வெளியே வேலைக்குப் போனால் ஆங்கிலத்திலும் கேட்பான், இரண்டும் தெரிந்தால் நல்லதுதானே என்று ஒரு பெண் சொன்னாள். அதற்குப் பிறகு தமிழ் போன துக்கம் யாருக்கும் நிலைக்கவில்லை.

செயற்படுத்த இணையம் வேண்டும். அறைக்குள் சிக்னல் கிடையாது. கஜேந்திரன் தன் போனை ஜன்னலுக்கு வெளியே சுவர் விளிம்பில் வைத்து, விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். உள்ளே பிள்ளைகள் ஒவ்வொரு திரையாகப் பார்த்தார்கள். ஒரு நீல வட்டம் சுற்றியது. பிறகு ஒரு வரி. விண்டோஸ் இஸ் அக்டிவேட்டட். மதுஷா முதலில் வாசித்தாள். அடுத்து பக்கத்துப் பெண். இரண்டு மணி வரைக்கும் நிமிடத்துக்கொரு தரம் யாராவது அதை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மழை பெய்து சிக்னல் அறுந்தது. கஜேந்திரன் குடையோடு நின்றார். போய்க் கொஞ்சம் உட்காருங்க சேர் என்று சுதர்சினி சொன்னபோது, மூணு நாளா கவனிக்காம இருந்தவன் இன்னிக்கு ஒரு நாள் நின்னா என்ன மிஸ் என்றார்.

பதினாறும் முடிந்தன. பாடசாலை விடுகிற நேரத்தையும் தாண்டியிருந்தது. ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து நன்றி சொல்லுங்க என்று கஜேந்திரன் பிள்ளைகளைப் பார்த்தார். சுதர்சினி தடுத்தாள். என் பிழையைத் திருத்த வந்ததற்கு எனக்கு எதற்கு நன்றி, நான்தான் சொல்ல வேண்டும் என்றாள். சொன்னாள். மதுஷாவின் பெயரைச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

நான்கு மணி பஸ்ஸில் பண்டாரவளைக்கு இறங்கினாள். உடம்பெல்லாம் அலுப்பு. மனசு மட்டும் கழுவிவிட்டது போல இருந்தது. திட்டாமல் அனுப்பிவைத்த முதலாளி, மழையில் குடைபிடித்து நின்ற ஆசிரியர், தேநீர் வைத்துக் கொடுத்த ரெங்கம்மா என்று ஒவ்வொரு முகமாக வந்துபோனது. தன் பிழை ஒன்றுக்கு இத்தனை பேர் கைகொடுத்திருக்கிறார்கள். பிழை செய்தவளுக்கு இவ்வளவு கிடைப்பது நியாயமா என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது.

ஸில்மியாவின் கடைக்குப் போய்த் துணிப்பையைக் கொடுத்தாள். எல்லாம் சரியா என்று ஸில்மியா கேட்டாள். பதினாறும் சரி, அந்த வை-ஃபை இயக்கி இல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன் என்றாள் சுதர்சினி. காலையில் சொல்ல முடியாத நன்றியை இப்போது முறையாகச் சொன்னாள். ஸில்மியா பென்டிரைவுகளை இலக்க வரிசையில் இழுப்பறைக்குள் அடுக்கினாள். கடையில் வேறு யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி நானும் இதே வேலைய செஞ்சேன். நாப்பது மெஷின். ஒரு ஒபிஸுக்கு."

அதனால்தான் போனில் பாதி சொன்னதுமே கண்டுபிடித்தீர்களா என்றாள் சுதர்சினி.

"அந்த இயக்கி மேட்டரும் அப்பதான் தெரிஞ்சிச்சு. நாலு நாள் எடுத்திச்சு தனியா. யார்க்கிட்டயும் வாய் தொறக்கல்ல. வெக்கம். நீங்க நேத்து போன் எடுத்து, பிழை என்னுதுன்னு பட்டுனு சொன்னீங்களே, அத நான் அன்னிக்கே செஞ்சிருக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். ஸில்மியா பக்கத்துக் கடையிலிருந்து பால் விடாத இரண்டு பிளேன்டீ வரவழைத்தாள். பதுளை பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நாற்பது மெஷினையும் நாலு நாளில் தனியாக எப்படி முடித்தாள் என்று சுதர்சினி கேட்க, ஸில்மியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.